கைப்பற்றிய கவசமும் ஆக்கிய கவசமும்

திருக்குறளிலே படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் ஒரு வீரனைக் காண்கிறோம். தன் கையிலிருந்த வேலைக் களிறு ஒன்றின்மீது எறிந்துவிட்டு, வேறு வேல் தேடுகின்றான் அவன். பகைவர் எறிந்த வேல் தன் உடலிலேயே தைத்திருக்கக் கண்டு, அதனைப் பறித்துக்கொண்டு மகிழ்கின்றான். பகைவனின் படைக்கலமே அவனுக்குப் படைக்கலமாகி விடுகின்றது. இல்லாதவன் கையில் அகப்பட்டதைக் கொண்டு போர் செய்யும் இந்நிலை, வேலும் களிறும் மறைந்து வெடிமருந்தும் இயந்திரமும் வந்த காலத்திலும் மாறவில்லை. கவச வாகனங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1916ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டின் சொம் ஆற்றுப் பகுதியில் பிரித்தானியர் முதன்முதலாக டாங்கியைப் போர்க்களத்தில் இறக்கினர். இவ்வூர்தி ஆக்கப்படும் செய்தி வெளியே தெரியாதிருக்கவேண்டி, நீர் கொண்டு செல்லும் தொட்டிகளே செய்யப்படுகின்றன என்று தொழிலாளரிடம் கூறினர். அவ்வாறு மறைவுக்காக இட்ட பெயரே நிலைத்துவிட்டது. நமது நாட்டின் குளங்களையும் ஆங்கிலத்தில் அதே சொல்லாலேயே குறிப்பிடுகின்றோம். உயிர் வளர்க்கும் நீர்நிலைக்கும் உயிர் கொல்லும் ஊர்திக்கும் ஒரே பெயர் வாய்த்தது விந்தையே.

1917ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கம்பிறே என்னும் நகரின் அருகே பிரித்தானியர் 400க்கு மேற்பட்ட டாங்கிகளுடன் தாக்கினர். முதல் நாளில் வெற்றி கிட்டியது. ஆயினும் பத்து நாட்களின் பின் ஜேர்மனியர் எதிர்த்தெழுந்து இழந்த நிலத்திற் பெரும்பகுதியை மீட்டனர். பழுதுற்றும் சேற்றில் அழுந்தியும் கிடந்த டாங்கிகள் பல அவர்கள் வசமாயின. அவற்றைப் பெல்ஜியத்திலுள்ள சார்ல்றோய் நகருக்குக் கொண்டுசென்று, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்திச் செப்பனிட்டனர். தம் வீரர் பழக்கத்தினால் அவற்றைப் பகைவருடையவை என எண்ணிச் சுட்டுவிடாதபடி, பெரிய சிலுவைக் குறிகளைத் தீட்டினர். ஜேர்மனியர் அப்போரில் தாமே ஆக்கிய ஏ7வீ என்னும் டாங்கிகள் 20 மாத்திரமே. கைப்பற்றியவை அவற்றினும் மிகுதி.

ஜிந்துப்பிட்டியில் வாழும் எமக்கு இது விளங்காத செய்தியன்று. இங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பஞ்சிகாவத்தையை அடையலாம். உடைந்த மோட்டார் வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் அங்கே விலைபோகும். ஒரு லொறியின் இயந்திரம் வேறொரு லொறியில் மறுபிறவி எடுக்கும். புதியது வாங்க வகையற்றவன் பழையதைப் பொருத்திக்கொள்கின்றான். போர்க்காலத்து நாடுகளும் பல வேளைகளில் அவ்வகையற்றவனின் நிலையிலேயே இருந்தன.

இரண்டாம் உலகப் போரில் 1940ஆம் ஆண்டு பிரித்தானியப் படை டங்கேர்க்கில் தன் வாகனங்களை எல்லாம் விட்டுவிட்டுக் கடல் கடந்து திரும்பியது. பகைவர் எந்நேரமும் வந்திறங்கலாம் என்ற அச்சம். உருக்குத் தகடோ போதவில்லை. எனவே பழைய லொறிகளின்மேல் கொங்கிறீற்றுச் சுவரெழுப்பி, விமானத் தளங்களைக் காக்க நிறுத்தினர். நடமாடும் காவலரண்களாகிய அவை, தம் பாரத்தினால் நடக்கவே அரிதாக இருந்தன.

அடுத்த ஆண்டில், கருங்கடற்கரையிலுள்ள ஒடெசா நகரம் முற்றுகைக்கு உள்ளாகியது. அங்கிருந்த தொழிற்சாலையில் உழவு இயந்திரங்களுக்கு இரும்புத் தகடு போர்த்தி, தகடுகளின் இடையே பலகை முதலியவற்றைச் செருகி, டாங்கிகளாக மாற்றினர். அவற்றின் சுடுதிறனிலும் இரைச்சலே பெரிது. ஆதலின் அச்சுறுத்தல் என்னும் பொருள்பட அவற்றுக்குப் பெயர் வழங்கிற்று. இந்தியாவிலும் அக்காலத்தில் கனடாவிலிருந்து வந்த போர்ட் வாகனச் சட்டத்தின்மேல், டாட்டா நிறுவனத்தின் உருக்குத் தகட்டைப் பொருத்தி, புகையிரதப் பட்டறைகளில் 4,000க்கு மேற்பட்ட கவச வண்டிகளை ஆக்கினர்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1980களில் வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்டபோது நிலக்கண்ணிகளுக்குச் சாதாரண வாகனங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. தென்னாபிரிக்காவிலிருந்து பவல் என்னும் கவச வாகனங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றின் அடிப்பாகம் தோணியின் அடியைப் போலக் கூர்ந்திருக்கும். கீழே கண்ணி வெடித்தால் வெடிப்பின் விசை இருபுறமும் சிதறிப்போகும். அந்த அமைப்பைப் பின்பற்றி இராணுவத்தினர் யூனிகோன் என்னும் வாகனத்தை இங்கேயே ஆக்கினர்.

எதிர்த்தரப்பிலும் ஆக்கும் முயற்சி நடந்தது. 1991ஆம் ஆண்டு யூலை மாதம் 10ஆம் நாள் விடுதலைப் புலிகள் ஆனையிறவு முகாமை முற்றுகையிட்டனர். வெட்டவெளியான உப்பளப் பூமி அது. மறைந்து முன்னேற மரமோ மேடோ இல்லை. ஆகவே புல்டோசருக்கு இரும்புத் தகடுகளை ஒட்டி, நகரும் மதிலாக்கி முன்செலுத்தினர். காடு வெட்டி நிலம் திருத்தவும் குளக்கட்டு உயர்த்தவும் பிறந்த இயந்திரம் அவ்வாறு டாங்கியாயிற்று. யூலை 14ஆம் நாள் அது முகாமின் காவலை நெருங்கியபோது, சிங்க ரெஜிமென்ட்டைச் சேர்ந்த காமினி குலரத்ன என்னும் வீரர் கைக்குண்டுகளுடன் அதன்மீது ஏறி அதனைச் செயலிழக்கச் செய்து தாமும் மாண்டார். பின்னர், பரம வீர விபூஷணம் என்னும் உயர்விருதை முதன்முதல் பெற்றவராக அவர் பெயர் பதிவாயிற்று. முற்றுகை ஓகஸ்ட் முற்பகுதி வரை நீடித்தது. இருதரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு புலிகள் வசமாகி, 2009 சனவரியில் மீண்டும் இராணுவத்தின் கைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் போர் முடிந்தது.

அந்தப் புல்டோசர் இன்று ஏ9 வீதியோரத்தில் நினைவுச் சின்னமாக நிற்கின்றது. சில ஆண்டுகளின் முன் எமது மாணவர்களை யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, அங்கே பேருந்தை நிறுத்தினோம். துளைபட்ட தகடுகளை மாணவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னருகே வந்து, "ஐயா, மேலே ஏறினவரின் பெயர் எழுதியிருக்கிறது. உள்ளே இருந்து ஓட்டி வந்தவரின் பெயர் என்ன?" என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகளாக வரலாறு கற்பித்தவன் நான். அக்கேள்விக்கு விடை கூற இயலாது நின்றேன். உள்ளிருந்தவன் சிறு துவாரத்தின் வழியே வெளியுலகைப் பார்த்திருப்பான். தகடு தடித்ததற்கேற்பப் பார்வை குறுகும். இயந்திரத்தின் வெம்மையும் இரைச்சலும் அவனைச் சூழ்ந்திருக்கும். வெளியே இருந்தவனுக்கோ உள்ளே ஒரு முகம் இருப்பதே தெரிந்திராது. இருவரையும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் படாதபடி மறைத்தது அந்த இரும்பு. இருவரும் இந்நாட்டில் பிறந்தவர்கள். இருவர் வீட்டிலும் அழுகை எழுந்தது.

அந்த மாணவியிடம், "எனக்குத் தெரியாது, பிள்ளை. ஆனால் நீ கேட்டது சரியான கேள்வி" என்று மாத்திரம் சொன்னேன். பேருந்து புறப்பட்ட பின்பும் அவள் பின்பக்கக் கண்ணாடி வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேயர்களே, போர்க் கருவிகளின் வரலாற்றைப் படிக்கும்போது எத்தனை அங்குலத் தகடு, எத்தனை குதிரைவலு என்று கணக்கிடுகின்றோம். அதனைச் செய்த பட்டறைத் தொழிலாளியையும், உள்ளே அமர்ந்தவனையும், எதிரே நின்றவனையும் அதே கவனத்துடன் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். உங்கள் பிள்ளைகளுடன் ஆனையிறவைக் கடக்கும்போது அவ்விடத்திற் சற்று நில்லுங்கள். ஏறியவனைப் பற்றிச் சொல்லுங்கள். உள்ளிருந்தவனைப் பற்றியும் சொல்லுங்கள். அவ்வியந்திரம் எந்தக் குளத்தின் கட்டை உயர்த்தியிருக்கக்கூடும் என்பதையும் சொல்லுங்கள்.