நாணல் தந்த 32

கோயம்புத்தூரில் கரும்பு பூக்கும், விதையும் பிடிக்கும். 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை அங்கே அமைத்ததற்கு இதுவே முக்கியமான காரணம். வடநாட்டில் கரும்பு விதை பிடிப்பது அரிது. விதை இல்லாமல் ஒட்டுரகம் ஏது? பஞ்சாபிலும் பீகாரிலும் அன்று நட்டது விரல் தடிமனில் மெலிந்த கரும்பு. சர்க்கரையோ ஜாவாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது.

நிலையத்தில் சார்லஸ் பார்பரும் அவருக்குத் துணையாக டி.எஸ். வெங்கட்ராமனும் செய்தது துணிச்சலான காரியம். ‘வெள்ளை’ என்ற தடிக்கரும்பைத் தாயாக வைத்து, வாய்க்கால் கரையில் தானாக முளைக்கும் நாணலின் மகரந்தத்தை அதில் சேர்த்தார்கள். நாணலில் சாறு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காய்ந்தாலும் சாகாது, தண்ணீர் தேங்கினாலும் அழுகாது. அந்த ஒட்டில் பிறந்த கோ 205, 1918இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது.

தாவரவியல் கற்பித்தே காலம் கழித்தவள் நான். இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் வயலோடு நிறுத்திவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. செல்லுக்குள் நடந்ததைச் சொல்லாவிட்டால் பாதி சொன்னது போலத்தான்.

செல்லின் உட்கருவில் குரோமோசோம்கள் இருக்கின்றன. மகரந்தமும் கருமுட்டையும் உருவாகும்போது அவை பாதியாகக் குறையும். கருவுறும்போது இரண்டு பாதியும் சேரும். தடிக்கரும்புக்கு 80. கோயம்புத்தூர் நாணலுக்கு 64. கணக்குப்படி பிள்ளைக்கு 40ம் 32ம் சேர்ந்து 72 வர வேண்டும். கோ 205இல் இருப்பவையோ 112! தாய்க் கரும்பு பாதியைக் கொடுக்காமல் தன் 80ஐயும் அப்படியே கொடுத்திருக்கிறது. நாணல் தந்தது வழக்கமான 32. தடிக்கரும்பு நாணலோடு சேரும்போது இப்படி நடக்கிறது என்பதை 1920களில் ஜாவாவில் ஆராய்ந்தவர் பிரெமர். தாயின் பங்கு இவ்வளவு கூடியதால்தான் இனிப்பு பெரிதாகக் கெடாமல் நாணலின் உரமும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது.

இந்த எண்ணிக்கை எவ்வளவு கடினமான வேலை என்று வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரியும். மாணவிகளுக்கு நாங்கள் கொடுப்பது வெங்காய வேர்நுனி. அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடுகாட்டி, கவர் ஸ்லிப்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் 16 குரோமோசோமும் நீளநீளமாகத் தெரியும். கரும்பில் அவை சின்னச் சின்னப் புள்ளிகள், நூற்றுக்கு மேல், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அக்காலத்தில் வேர்நுனியை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவி, கேமரா லூசிடா வைத்துப் படம் வரைந்துதான் எண்ணுவார்கள். ஒரே உட்கரு இரண்டு சீவலில் பிரிந்து கிடந்தால் அதையும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு செல்லை எண்ணினால் போதாது. பல செல்களில் அதே எண் வந்தால்தான் எழுதலாம்.

அந்த வேலைக்கு 1934இல் கோயம்புத்தூர் வந்தவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையில் படித்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றவர். காட்டு நாணல்களை எடுத்து எண்ணினார். எல்லாம் ஒரே இனம்தான், ஆனால் செடிக்குச் செடி எண் வேறு. 40 முதல் 128 வரை என்று இன்று பதிவாகியிருக்கிறது. கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் சேர்த்துப் பிறந்த ஒட்டுகளையும், மூங்கிலோடு ஒட்டிய வெங்கட்ராமனின் செடிகளையும் உட்கருவைப் பார்த்தே ஆராய்ந்தார். வயலில் பார்த்து ‘ஒட்டு மாதிரி இருக்கிறது’ என்று சொல்வது வேறு, இரண்டு பெற்றோரின் குரோமோசோமும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது வேறு. பிறகு இங்கிலாந்து போய், செல்லியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945இல் பெரிய நூலாக வெளியிட்டார். 1984இல், சென்னையை அடுத்த மதுரவாயலில், ஆராய்ச்சியை விடாமலே காலமானார்.

இன்று பயிராகும் கரும்பு ரகங்களில் பெரும்பாலும் 100 முதல் 130 வரை குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு சிறு பங்கு நாணலின் வழி வந்தது. தாவரவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெங்காயத்தோடு நிறுத்தாதீர்கள். ஒரு பருவுள்ள விதைக்கரணையை ஈரமணலில் முளைக்கவிட்டு, அதன் வேர்நுனியையும் மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். பிள்ளைகளால் எண்ண முடியாது. எண்ணியவரின் பெயரை அப்போது சொல்லுங்கள்.