மார்த்தாண்டவர்மா: நாவலும் மௌனப்படமும்

நெய்யாற்றின்கரைக் கோயில் பலாமரப் பொந்தில் இளவரசர் மார்த்தாண்டவர்மா ஒளிந்து உயிர்தப்பினார் என்பது செவிவழி மரபு. அவ்வரசரின் வாரிசுரிமைப் போராட்டத்தை மாறுவேடமும் மர்மமும் கலந்து சி. வி. இராமன்பிள்ளை 1891இல் மலையாள நாவலாக்கினார். நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் அதனை மௌனப்படமாகத் தயாரித்தார், இயக்கியவர் பி. வி. ராவ். உரையாடலற்ற அப்படத்தில் மலையாள, ஆங்கில எழுத்தட்டைகளே மொழியைச் சுமந்தன.

1933இல் படம் வெளியானதும், நாவலின் பதிப்புரிமை பெற்றிருந்த கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது, படம் முடங்கியது. பதிப்பகத்திடம் கிடந்த படச்சுருளைத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1974இல் பெற்றது.

ஊடகமாற்றமும் ஒருவகைப் பெயர்ப்பே. அதற்கும் உரிமையாளர் இசைவு வேண்டும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. படத்தை முடக்கிய வழக்கே அதன் படியைக் காத்தது என்பதும் எண்ணத்தக்கது.