தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள்

  

"தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்" என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த வாக்கு. சொல்லி வைத்தார்களே தவிர, எல்லா வீட்டிலும் அது நடக்கிறதா? பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் மூன்று கேள்விகள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து கொள்கின்றன. என்ன படிப்பது? எங்கே வேலைக்குப் போவது? யாரைக் கட்டிக் கொள்வது? "நாங்க சொல்றதைக் கேளு" என்கிறார் அப்பா. "என் வாழ்க்கையை நான் பார்த்துக்கிறேன்" என்கிறான் மகன். நடுவில் நின்று கண்ணைக் கசக்குகிறாள் தாய்.

இந்த வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. நம் முன்னோர் கடல் கடந்து வந்த கதையோடு சேர்ந்து வந்தது. அந்தக் கதையைத் தெரிந்து கொண்டால் இரு தரப்பாரும் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம்.

குடும்பம் இல்லாத கூட்டம்

19-ஆம் நூற்றாண்டில், பினாங்கை அடுத்த புரோவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் வந்தனர். பிறகு காப்பி, அதன் பிறகு ரப்பர். வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், மலாயாவில் 1000 இந்திய ஆண்களுக்கு 200 இந்தியப் பெண்கள்கூட இல்லை. 1931-இலும் அந்தக் கணக்கு 500-ஐ எட்டவில்லை.

சிந்தித்துப் பாருங்கள்! ஐந்து ஆண்களுக்கு ஒரு பெண்கூட இல்லாத இடத்தில் அப்பன் ஏது, ஆத்தாள் ஏது, தாய்மாமன் ஏது? காய்ச்சலில் விழுந்தவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆளில்லை. கல்யாண வயது வந்தவனுக்குப் பெண் கேட்டுப் போகவும் ஆளில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசினாலே தொல்லை என்று நினைக்கும் இளைஞர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்நாட்டில் நம் வரலாறு, குடும்பமே இல்லாத தவிப்பில்தான் தொடங்கியது.

கங்காணியே தகப்பன்

ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றி விட்டது. கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், உற்றார் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வந்தான். 1908 முதல் இந்தியர் குடியேற்ற நிதி வழிச் செலவை ஏற்றதால் கப்பல் கூலிக் கடன் ஒழிந்தது. ஊரை விட்டுப் போகிறவனுக்கு வீட்டில் ஆட்சேபம் இல்லை என்று கிராம முன்சீப் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் பின்னர் விதி வந்தது. பிள்ளை போவதைப் பற்றிக் குடும்பத்தின் வாய்ச்சொல்லுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அது ஒரு கையெழுத்து அளவுதான்!

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தட்டில் முடங்கிக் கிடந்து, பினாங்கு வந்தவர்களை ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தங்க வைத்தனர். அங்கிருந்து தோட்டம். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு எழுப்பியவன் கங்காணி. கைம்மாற்றுக் கொடுத்தவன், சண்டையைத் தீர்த்தவன், கல்யாணம் பேசியவன் எல்லாம் அவனே. வேலைக்கு வந்த ஆள் கணக்குப்படி அவனுக்குத் தலைக்காசும் கிடைத்தது. நல்ல கங்காணி நிழலாக இருந்தான். கெட்டவன் நுகத்தடியாக இருந்தான். எப்படி இருந்தாலும், தகப்பன் இல்லாத இடத்தில் தகப்பன் நாற்காலியில் உட்கார்ந்தவன், அந்த இளைஞனின் உழைப்பில் லாபம் பார்த்தவன். பெற்ற மனம் வேறு, தலைக்காசு எண்ணும் மனம் வேறு அல்லவா?

குடும்பம் ஊன்றியது

1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை சரிந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் இந்திய அரசாங்கம், உதவி பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் பயணத்தையே தடை செய்தது. இங்கே தங்கியவர்கள் குடும்பமாகத் தங்கினார்கள். சீனர் கதையும் ஏறத்தாழ இப்படித்தான். 1933-இன் அந்நியர் சட்டம் சீன ஆண்களின் வரவைக் கட்டுப்படுத்தியது. பெண்களுக்கு 1938 வரை அந்தக் கட்டு இல்லை. அதனால் பெண்கள் திரளாக வந்தனர், குடும்பங்கள் பெருகின. 1947-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மலாயா இந்தியரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்.

தோட்டத்துக் குடும்பம் பாசத்தால் மட்டும் கட்டப்பட்டதல்ல; செக்குரோலாலும் கட்டப்பட்டது. 1920-களின் இறுதியில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒருவர் சம்பளத்தில் அடுப்பு எரியாது. அப்பா பால் வெட்ட, அம்மா மங்கு துடைக்க, பிள்ளைகள் கட்டிப்பால் பொறுக்கினார்கள். எல்லார் சம்பளமும் ஒரே முந்தானையில் முடியப்பட்டது. அதனால்தான் பிள்ளையின் வேலையும் கல்யாணமும் வீட்டுக் காரியமாயின.

இன்னொன்றும் உண்டு. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் வேலை இருந்தால்தான் வீடு. பெரியவர்களுக்கு வயதானால், வீடு நிலைக்க ஒரு பிள்ளையாவது வெட்டுக்கத்தியை எடுத்தாக வேண்டும். "நீ படிச்சது போதும், பேரு பதிஞ்சுக்கோ" என்று சொன்ன தகப்பன்மார் எல்லாரும் படிப்பின் அருமை தெரியாதவர்கள் அல்லர். தலைக்கு மேல் கூரை வேண்டுமே என்ற பயம் அவர்களைப் பேச வைத்தது.

ஒரு மகளும் ஒரு தகப்பனும்

போர்க்காலத்தைப் பாருங்கள். ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். திரும்பாதவர் வீடுகளில் பதின்வயதுப் பிள்ளைகளே குடும்பத் தலைவர்கள் ஆயினர்.

அதே காலத்தில், 1943-இல், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் வளர்ந்த ஜானகி, அப்போது பதினெட்டு வயதுப் பெண். படையில் சேருவேன் என்றார். வீட்டில் கடும் எதிர்ப்பு, அதிலும் தகப்பனாருக்கு. மகள் ஓடிப் போகவில்லை, விட்டுக் கொடுக்கவும் இல்லை. பேசிப் பேசித் தகப்பனாரைச் சம்மதிக்க வைத்துச் சேர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்த அவர் மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். 2000-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2014-இல் மறைந்தார். பிள்ளையின் உறுதியும் தகப்பனின் சம்மதமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பள்ளியும் சட்டமும்

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அந்தப் பள்ளி முடிந்ததும் நேரே பால்காடுதான். நேற்றுச் சிறுவன், இன்று தொழிலாளி! இடையில் இளமை என்று ஒரு பருவமே இல்லை. 1965 முதல் ஆறாம் வகுப்பு முடித்த எல்லாருக்கும் இடைநிலைப் பள்ளியின் கதவு திறந்தது. அப்போதுதான் பதினைந்து, பதினெட்டு வயதில் "நான் என்ன ஆக வேண்டும்?" என்று யோசிக்க நம் பிள்ளைகளுக்கு நேரம் கிடைத்தது. வீட்டில் வாக்குவாதம் கூடியதும் அதனால்தான். அது வளர்ச்சியின் சத்தம், பெற்றோர்களே! அதைக் கேட்டுப் பயப்படாதீர்கள்.

சட்டமும் இந்த இழுபறியை அறிந்திருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த திருமணச் சட்டம், முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிய வேண்டும் என்கிறது. 21 வயது நிறையாதவர் மணம் முடிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் வாக்களிக்கும் வயதோ 2021 டிசம்பரில் 21-இலிருந்து 18-க்கு இறங்கிவிட்டது. நாட்டை ஆளுவோரைத் தேர்ந்தெடுக்கத் தகுந்த பிள்ளை, தான் படிக்கும் துறையைத் தேர்ந்தெடுக்கத் தகாதவனா?

என்ன செய்யலாம்?

பெற்றோர்களே! லயத்துக் கூரைக்காகப் பிள்ளையைப் பிடித்து வைத்த காலம் போய்விட்டது. எத்தனையோ தோட்டங்கள் கைமாறிவிட்டன. பல லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை. பயம் போன பின்னும் பழைய அதிகாரம் மட்டும் எதற்கு? ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளையிடம் முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். மேற்படிப்பு மனுவை அவனோடு உட்கார்ந்து படியுங்கள். மகனுக்குக் கொடுக்கும் சுதந்திரத்தை மகளுக்கும் கொடுங்கள்.

இளைஞர்களே! பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறீர்கள். போங்கள்! ஆனால் அங்கேயும் நவீனக் கங்காணிகள் உண்டு. கடன் கொடுப்பான், வேலை வாங்கித் தருவேன் என்பான், அண்ணன் என்பான். அவன் எண்ணுவது தலைக்காசு. முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். ஆனால் அதை எடுக்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை பேசுங்கள். அந்த வார்த்தையைப் பேச ஓர் ஆள் இல்லாமல் தவித்தவர்கள் உங்கள் பாட்டன்மார்கள்.

பிடித்து நிறுத்தும் கை வேண்டாம். கைவிடும் கையும் வேண்டாம். தோளோடு தோள் நிற்கும் தோழமையே நம் வீடுகளுக்கு வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!