ரூபாய்க் குறியீட்டுப் போட்டி (2009–2010)

இந்திய நாணயத்துக்கெனத் தனிக் குறியீடு வேண்டி மத்திய நிதி அமைச்சகம் 2009 மார்ச்சில் அறிவித்த திறந்த வடிவமைப்புப் போட்டி. வந்தவை 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள். இறுதிச் சுற்றை எட்டியவை ஐந்து. கள்ளக்குறிச்சியில் பிறந்து, மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்த டி. உதயகுமாரின் வடிவத்தை அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. தேவநாகரி ‘ர’வும் தண்டில்லாத ரோமன் ‘ஆர்’ எழுத்தும் அதில் இணைகின்றன. பரிசு ரூ. 2.5 லட்சம்.

குறியீட்டின் பதிப்புரிமை அரசுக்குச் சென்றது. ஆனால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை எழுதிக்கொடுத்த பின்னும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமையைப் படைத்தவரிடமே விடுகிறது. இணையப் போட்டிகளில் இறங்கும் இளம் வடிவமைப்பாளர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தப் பிரிவைத்தான். வென்றவரின் பெயரை அரசே அறிவித்ததால் உதயகுமாரின் பெயர் குறியீட்டோடு நிலைத்தது. பரிசுத் தொகையைவிட அது பெரிய ஈட்டம். தேர்வாகாத ஆயிரக்கணக்கானோரின் உழைப்புக்கு ஊதியம் கிடையாது என்பது இத்தகைய போட்டிகளின் தீராத குறை.

தேர்வு முறையை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுக்கப்பட்டது.

2014-இல் தொடங்கிய மத்திய அரசின் ‘மைகவ்’ தளம் அரசுச் சின்னப் போட்டிகளை இணையத்துக்குக் கொண்டுவந்தது. தூய்மை இந்தியா இயக்கத்தின் காந்தி கண்ணாடிச் சின்னம் அவ்வழியே தேர்வானது.