கையிலிருந்து கட்டளைக்கு

செட்டியார் தெருப் பொற்கொல்லர் வளைவொன்றைச் செதுக்குகையில், கை எங்கே தாமதிக்க வேண்டுமென்பதைக் கண்ணே உணர்த்திவிடுகிறது. இயந்திரத்திற்கோ அக்கண் இல்லை. 1940களில் அமெரிக்கரான ஜோன் பார்சன்ஸ், ஹெலிகொப்டர் இறகுகளுக்கான மாதிரித் தகடுகளை வெட்டுதற்குத் துளை அட்டைப் பொறிகளால் புள்ளிகளைக் கணித்தார். தொழிலாளர் அவ்வெண்களின்படி கைப்பிடிகளைத் திருப்பினர். 1952இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் அப்பணியைத் துளைநாடாவிடம் ஒப்படைத்துக் காட்டியது.

ஆயினும் வளைவு சிறு நேர்கோடுகளாகவே எழுதப்பட்டது. கோடுகள் நீண்டால் வடிவு பிழைக்கும். மிகக் குறுகினாலோ முனைதோறும் இயந்திரம் தயங்கக்கூடும், உலோகத்தில் தழும்பு விழக்கூடும். வரவிருக்கும் கட்டளைகளை முன்னரே வாசித்து வேகத்தை வகுக்கும் கருவிகள் பின்னாளில் இத்தயக்கத்தைக் குறைத்தன. தவறாக வரையப்பட்ட பாதையைத் திருத்த அவற்றாலும் இயலவில்லை.

எனவே, கைவினைஞனின் அறிவு அழிந்துவிடவில்லை. கட்டளை எழுதுவோனின் பொறுப்பாயிற்று. பட்டறையை அறியாதோன் எழுதும் கட்டளையில் எண்கள் சரியாயிருப்பினும் வேலை பிழைத்துவிடும்.