பட்டையைப் பார்த்தவர், பூவைப் பார்த்தவர்

1855-ல் அகஸ்டஸ் கிரிகரி தலைமையில் வட ஆஸ்திரேலியாவுக்குள் புறப்பட்ட பயணக் குழுவில் ஃபெர்டினாண்ட் முல்லர் இருந்தார். ஜெர்மனியின் ராஸ்டாக்கில் பிறந்தவர். மருந்தாளுநர் தொழில் கற்றவர். 1847-ல் சகோதரிகளோடு அடிலெய்டில் கரையிறங்கி, 1853-ல் விக்டோரியாவின் அரசுத் தாவரவியலாளர் ஆனவர்.

போகிற வழியெல்லாம் யூகலிப்டஸ். அவற்றை எப்படிப் பிரித்தறிவது? பூவோ கைக்கெட்டாத உயரத்தில். அதுவும் எப்போதும் இருப்பதில்லை. இலையையும் நம்ப முடியாது. நீலகிரியில் நாம் பார்க்கும் தைலமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: இளங்கன்றில் காம்பில்லாமல் எதிரெதிரே நிற்கும் அகன்ற சாம்பல்நீல இலை, வளர்ந்த மரத்தில் அரிவாள்போல் நீண்டு தொங்கும். கண்ணுக்கும் கைக்கும் எட்டியது பட்டைதான். வழவழப்பாக உரிவது, அடிமரத்தில் மட்டும் தங்குவது, நார்நாராகக் கிழிவது, பிசின் ஏறி இரும்பாய் இறுகி ஆழமாகப் பிளந்திருப்பது. குடியேறிய மரவெட்டிகளும் பட்டையைப் பார்த்தே மரத்துக்குப் பெயர் சொன்னார்கள். முல்லர் அதையே முறைப்படுத்தி, லண்டன் லின்னேயன் சங்க இதழில் வெளியிட்டார்.

ஆஸ்திரேலியத் தாவரங்கள் அனைத்தையும் ஒரே நூலில் எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய பெருங்கனவு. அந்தப் பொறுப்பு இங்கிலாந்தின் ஜார்ஜ் பெந்தமுக்குப் போனது. பழைய மாதிரிகள் எல்லாம் லண்டனில் இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் எழுத முடியாது என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் பெந்தம் ஆஸ்திரேலிய மண்ணை மிதித்ததே இல்லை. முல்லர் மனம் கசந்தாலும் கையை மூடிக்கொள்ளவில்லை. தம் சேகரிப்பைத் தவணை தவணையாகக் கப்பலேற்றினார். பெந்தம் ஆராய்ந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

உலர்ந்த மாதிரியில் ஒரு கிளைநுனி, சில இலைகள், மொட்டு, பூ இருக்கும். பட்டை பெரும்பாலும் இருக்காது. ஆகவே பெந்தம் உருப்பெருக்கியின் கீழ் மகரந்தப் பைகளைப் பார்த்தார். கடுகைவிடச் சிறிய அந்தப் பை என்ன வடிவம், நீளவாக்கில் வெடிக்கிறதா, சிறு துளை வழியே திறக்கிறதா என்று பார்த்து, 1867-ல் வந்த அந்த நூலின் மூன்றாம் தொகுதியில் யூகலிப்டஸ்களை வரிசைப்படுத்தினார்.

பெந்தம் செய்ததுதான் அறிவியல், முல்லர் செய்தது மேலோட்டம் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நெருங்கிய உறவுள்ள மரங்களுக்கே பட்டை மாறுகிறது என்பது உண்மை. ஆனால் மகரந்தப் பையும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லவில்லை. 1971-ல் தாவரவியலாளர்கள் லிண்ட்சே பிரையரும் லாரி ஜான்சனும் புதிய வகைப்பாட்டைத் தந்தபோது பல அடையாளங்களைச் சேர்த்தே பார்த்தார்கள். மொட்டுக்கு மூடி ஒன்றா இரண்டா, எந்த மரம் எதனோடு கலந்து விதை தரும் என்பனவும் அவற்றில் அடங்கும்.

1873-ல் மெல்போர்ன் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் பதவியை முல்லர் இழந்தார். ஆய்வைவிட அழகான உலாவிடம்தான் ஊருக்குத் தேவைப்பட்டது. அதன் பிறகுதான் நூறு யூகலிப்டஸ் இனங்களைப் படங்களோடு விளக்கும் ‘யூகலிப்டோகிராஃபியா’வை 1879 முதல் 1884 வரை வெளியிட்டார். 1896-ல் இறக்கும்வரை அரசுத் தாவரவியலாளராகவே இருந்தார்.

பெந்தமின் ஏழு தொகுதிகளிலும் முகப்புப் பக்கத்தில் முல்லர் ‘உதவியவர்’ மட்டுமே. இரண்டு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

(தொடரும்)