கந்தல் துணியில் ஒரு பூந்தோட்டம்

இலண்டன் மாநகரிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தை நாடிச் செல்வோர் பெரும்பாலும் பீரங்கிகளையும் போர் விமானங்களையும் காணவே செல்கின்றனர். ஆனால் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றும் பேணப்பட்டு வருகிறது. பழைய ஆடைகளிலிருந்து வெட்டியெடுத்த அறுகோணத் துண்டுகள் அதில் இணைக்கப்பட்டுள்ளன. நடுவில் ஒரு துண்டு, அதனைச் சுற்றி ஆறு துண்டுகள் என்று அவை பூக்களாக மலர்ந்து நிற்கின்றன. பூக்களின் நடுவில் சிறுமியரின் பெயர்கள் நூலால் பொறிக்கப்பட்டுள்ளன. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான ஏறத்தாழ இருபது சிறுமியர் இதனைத் தைத்தனர். அவர்கள் அமர்ந்து தைத்த இடம் சிங்கப்பூரின் சாங்கிச் சிறை.

சிறுமியர் குழுவுக்கு விளையாட்டும் உல்லாசப் பயணமும் வகுத்துத் தருவதை நாம் சிறிய காரியமாக எண்ணுகிறோம். நேரம் மிஞ்சினால் செய்யலாம், பணம் மிஞ்சினால் போகலாம் என்று தள்ளிவைக்கிறோம். அது உண்மையில் சிறிய காரியந்தானா என்பதை இந்தப் போர்வையை முன்வைத்துச் சற்றே சிந்திப்போம்.

அழையா விருந்தினர்

1909ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள். இலண்டனின் பளிங்கு மாளிகைத் திடலில் சாரணச் சிறுவர்கள் பெருந்திரளாகக் கூடினர். அவர்களைக் காணவந்த இயக்கத் தந்தை பேடன் பவல் எதிர்பாராத ஒரு காட்சியைக் கண்டார். சாரணரைப் போலவே தொப்பியும் கைத்தடியும் தாங்கிய சிறுமியர் சிலர் அங்கு அணிவகுத்து நின்றனர். அவர்களை எவரும் அழைக்கவில்லை. சிறுவர்களுக்காக அவர் எழுதிய கையேட்டைப் படித்துவிட்டுத் தாங்களாகவே குழு அமைத்துக்கொண்டு, சீருடையைத் தாங்களே தைத்து அணிந்து வந்திருந்தனர். தங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்களுடைய விண்ணப்பம்.

அதன் விளைவாக 1910இல் சிறுமியருக்கென்று தனி இயக்கம் உருவாயிற்று. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதன் முதல் தலைவியானார். 'கைட்ஸ்' என்னும் பெயர் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பணியாற்றிய ஒரு படைப்பிரிவின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தி. தமிழில் நாம் அவர்களைச் சாரணியர் என்கிறோம்.

இடம் கிடைத்தது, ஆனால் முழு மனத்தோடு தரப்பட்ட இடமன்று. காட்டில் நடப்பதும் கூடாரத்தில் உறங்குவதும் பெண்மைக்கு இழுக்கு என்று கருதிய காலம் அது. விலங்குகளின் பெயரைத் தம் அணிகளுக்குச் சூட்டியிருந்த சிறுமியர் அவற்றைக் கைவிட்டு மலர்களின் பெயரை ஏற்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் சவானா நகரில் 1912 மார்ச் 12 அன்று ஜூலியட் கார்டன் லோ என்னும் அம்மையார் 18 சிறுமியரைக் கொண்டு இந்த இயக்கத்தைத் தொடங்கினார். அவர்கள் கூடைப்பந்து ஆடிய திடலைச் சுற்றிக் கனத்த துணித்திரை தொங்கவிடப்பட்டதாம். வீதியில் செல்வோர் கண்ணில் பெண் பிள்ளைகள் ஓடியாடுவது பட்டுவிடக் கூடாதென்ற அச்சமே காரணம். திரைக்கு வெளியே நாணம். திரைக்கு உள்ளே மகிழ்ச்சி. அந்த அம்மையார் அஞ்சிப் பின்வாங்கவில்லை. திரை வேண்டுமா, தொங்கவிடுங்கள், ஆட்டம் நிற்காது என்பதுபோல் தம் வழியில் சென்றார். அவ்வாண்டுக் கோடையிலேயே சிறுமியர் முகாமுக்கும் சென்றனர்.

நம் நாட்டில் 1911இல் ஜபல்பூரில் முதல் சாரணியர் குழு தோன்றியது. தொடக்கத்தில் அதன் வாயில் ஐரோப்பியச் சிறுமியருக்கே திறந்திருந்தது. இந்தியச் சிறுமியர் உள்ளே வர 1916 வரை காத்திருக்க நேர்ந்தது. பளிங்கு மாளிகையில் அழைப்பின்றி வந்து நின்றவர்களின் இயக்கமே மற்றொரு வாயிலில் வேறு சிறுமியரைக் காத்து நிற்கவைத்தது வரலாற்றின் முரண். விடுதலைக்குப் பின் 1951 ஆகஸ்டு 15 அன்று சாரணியர் அமைப்பு பாரத சாரண சாரணியர் இயக்கத்தோடு இணைந்தது. 1966இல் புனே நகரில் 'சங்கம்' என்னும் உலக மையமும் எழுந்தது.

சிறைமுற்றத்தின் ஒரு மூலை

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சுத் திங்களில் ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். சில நூறு கைதிகளுக்கெனக் கட்டப்பட்ட சிறையில் ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளுமாகப் பல மடங்கு மக்கள் அடைக்கப்பட்டனர். கணவர் ஒரு பக்கம், மனைவி மறுபக்கம். உணவு குறைவு, நோய் மிகுதி, விடுதலை என்று வரும் என்பதை அறிந்தவர் எவருமிலர்.

அங்கே எலிசபெத் என்னிஸ் என்னும் இளம் செவிலியரும் இருந்தார். நகர் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. இராணுவ மருத்துவரான கணவர் வேறொரு முகாமில் கைதியாக இருந்தார். தம் துயரத்தை எண்ணி அழ அவருக்குக் காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் அவர் கண்டது வேலையின்றி, விளையாட்டின்றி, அச்சத்தில் சுருண்டு கிடந்த சிறுமியரை. அவர்களைக் கூட்டிச் சாரணியர் குழு ஒன்றை அமைத்தார். சீருடை இல்லை, கொடி இல்லை, கூடாரம் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை சிறைமுற்றத்தின் மூலையில் கூட்டம். அவ்வளவே.

இங்கே சற்று நிற்போம். வாரத்துக்கு ஒரு முறை என்பதன் பொருளென்ன? நாட்கள் யாவும் ஒன்றுபோலவே இருக்கும் இடத்தில் ஒரு நாள் மட்டும் வேறு நாளாகிறது. அந்த நாளை எதிர்நோக்கி மற்ற ஆறு நாட்களைக் கழிக்கலாம். திட்டமிட்ட மகிழ்ச்சி என்பது இதுதான். அது வருமுன்னரே நம்மைத் தாங்கத் தொடங்கிவிடுகிறது.

எலிசபெத்தின் பிறந்தநாள் வரப்போவதைச் சிறுமியர் அறிந்தனர். அவருக்குத் தெரியாமல் ஒரு பரிசு தரவேண்டும் என்று தமக்குள் முடிவுசெய்தனர். சிறையில் எதைக் கொடுப்பது? கிழிந்த ஆடைகளின் துண்டுகளைச் சேர்த்தனர். பழந்துணியிலிருந்து நூலை உருவினர். ஊசியோ கிடைத்தற்கரிய பொருள். காவலரின் காலடியோசை கேட்டால் கையிலுள்ளதை மறைத்துக்கொள்வர். ஓசை அகன்றபின் மறுபடியும் தைப்பர். இவ்வாறு உருவானதே நாம் தொடக்கத்தில் கண்ட போர்வை.

அச்சிறுமியரின் கைவேலை மூத்த பெண்களுக்கும் வழிகாட்டியதாகக் கூறுவர். கனடா நாட்டவரான ஈத்தல் முல்வனி என்னும் அம்மையாரின் தூண்டுதலால் பெண்கள் மூன்று பெரிய போர்வைகளைத் தைத்தனர். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் சதுரத்தில் தன்னை உணர்த்தும் ஏதேனும் ஒன்றைப் பொறித்தாள். நோயுற்ற கைதிகளுக்கென்று அவை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. மனைவியின் பெயரை அதில் கண்ட கணவன், அவள் உயிரோடிருக்கிறாள் என்று அறிந்தான். கடிதம் செல்ல இயலாத இடத்துக்கு ஊசியும் நூலும் சென்றன.

வெய்சியன் முகாமில்

அதே போர்க்காலத்தில் வட சீனத்தின் வெய்சியன் முகாமிலும் இத்தகைய காட்சியைக் காண்கிறோம். மறைப்பணியாளர் குழந்தைகளுக்காகச் சீஃபூ நகரில் நடந்த பள்ளியின் மாணவ மாணவியர் 1943 செப்டம்பரில் அங்குக் கொண்டுவரப்பட்டனர். பலருடைய பெற்றோர் தொலைவில், போர்முனைகளுக்கு அப்பால் இருந்தனர். அவர்களின் ஆசிரியைகள் சாரணியர் கூட்டங்களையும், இளஞ்சிறுமியருக்கான பிரவுனிக் கூட்டங்களையும் விடாமல் நடத்தினர். கரித்தூளையும் களிமண்ணையும் பிசைந்து உருண்டையாக்கினால்தான் குளிரில் அடுப்பெரியும். அந்த அழுக்கு வேலையை அவர்கள் பாட்டோடு செய்யும் ஆட்டமாக்கினர். எலி பிடிப்பதும் ஈ ஒழிப்பதும் போட்டிகளாயின. எலும்புக்கு வலுவூட்ட முட்டை ஓட்டைப் பொடித்துச் சிறுவர்க்கு உண்ணக் கொடுத்தனர்.

அந்த முட்டைகளின் வரலாறு சுவையானது. டிராப்பிஸ்டுத் துறவியான அருட்தந்தை பாட்ரிக் ஸ்கான்லன் மதிலுக்கு வெளியிலிருந்த சீன விவசாயிகளிடமிருந்து இரகசியமாக முட்டைகளை வாங்கி உள்ளே கடத்தினார். அகப்பட்டபோது அவருக்குத் தனிச்சிறை விதித்தனர். ஆண்டாண்டுகளாக மௌனத்திலும் தனிமையிலும் பயின்ற துறவிக்கு அது தண்டனையாகுமா? முகாமே சிரித்தது.

அங்கு இளைஞருக்கு விளையாட்டு வகுத்துக் கொடுத்தவர் எரிக் லிடல். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிறன்று ஓட மறுத்து, பின்னர் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் அவரே. முகாமிலும் ஞாயிறு விளையாட்டை அவர் விரும்பவில்லை. ஆனால் கண்காணிப்பாரின்றி ஆடிய இளையோர் ஞாயிறன்று சண்டையிட்டுக்கொண்டதை அறிந்தபோது, தாமே சென்று நடுவராக நின்றார். தம் புகழுக்கே அடிப்படையான ஒரு நோன்பை இளையோருக்காகத் தளர்த்திக்கொண்ட அந்தப் பெருந்தன்மையை என்னென்பது! விடுதலையைக் காணாமலே 1945 பிப்ரவரி 21 அன்று அவர் மறைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 17 அன்று முகாமின் கதவுகள் திறந்தன.

நாம் கற்பதென்ன?

இவ்வரலாறு நமக்கு மூன்று உண்மைகளைச் சொல்கிறது. முதலாவது, குறித்த நாளில் கூட்டம் தவறாது நடப்பதே பெருஞ்செலவில் நடக்கும் ஒரு நாள் கொண்டாட்டத்தினும் மேலானது. சாங்கிச் சிறுமியருக்குப் பயணம் இல்லை. முற்றத்தின் ஒரு மூலை இருந்தது, அது தவறாமல் இருந்தது.

இரண்டாவது, திட்டமிடும் பொறுப்பு சிறுமியருடையதாகவும் இருக்கவேண்டும். சாரணியர் முறையில் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிக்கு அவர்களுள் ஒருத்தியே தலைவி. எங்குச் செல்வது, யார் சமைப்பது, யார் மருந்துப் பெட்டியைச் சுமப்பது என்பதை அவர்களே கூடிப் பேசி முடிவுசெய்வர். எலிசபெத் வகுத்த கூட்டங்கள் நன்று. ஆயினும் அவருக்குத் தெரியாமல் சிறுமியரே ஒன்றை வகுத்தார்களே, அந்த நாளில்தான் அவருடைய பணி கனிந்தது. பெற்றுக்கொண்டிருந்தவர்கள் கொடுப்பவர்களாயினர்.

மூன்றாவதைச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது. நம் ஊர்களில் சிறுவர்க்குத் திடல் உண்டு, பந்து உண்டு, மாலை முழுவதும் அவர்களுடையது. சிறுமியருக்கோ கோலப்போட்டியும் ஆண்டுவிழா நடனமும் போதும் என்றிருக்கிறோம். பயணம் என்றால் நூறு கேள்விகள். 'பெண் பிள்ளைக்கு எதற்கு ஊர் சுற்றல்?' என்பது அவற்றுள் முதற்கேள்வி. பாதுகாப்பைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் கவலையிருந்தால் துணைக்கு இன்னும் இரு தாய்மாரை அழைப்போம். பொழுது சாயுமுன் திரும்புவோம். பயணத்தையே விட்டுவிடுவது தீர்வாகாது. சவானா நகரின் துணித்திரையை நாம் இன்னும் கழற்றவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இறைவாக்கினர் சக்கரியா புதுப்பிக்கப்பட்ட எருசலேமைக் காட்சியில் கண்டபோது, கோட்டையையும் கருவூலத்தையும் பற்றி மட்டும் பேசவில்லை. முதியோர் கோலூன்றி அமர்ந்திருக்கும் தெருக்களையும், அவற்றில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையும் கண்டார். சிறுமியரை அவர் மறக்கவில்லை. நாம் மறக்கலாமா?

வரும் விடுமுறையில் நம் பங்கின் சிறுமியர் ஒரு குன்றின் அடிவாரத்துக்கோ ஓர் ஆற்றங்கரைக்கோ சென்றுவரட்டும். கட்டுச்சோறு போதும். எங்குச் செல்வதென்பதை அவர்களிடமே கேட்போம்.